‘கொழப்பமில்ல டாக்டரே’: முற்றிய நுரையீரல் புற்றுநோயில் அறிகுறிகளைக் கேட்டறிவது ஏன்?

பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன முதல் ஏழெட்டுத் தடவையும் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி, பெரியப்பா சொன்னதும் ஒரே பதில். "எப்படி இருக்கு?" "கொழப்பமில்ல டாக்டரே." நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். மதுரையிலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்து இங்கே வேலை பார்க்கிற டாக்டருக்கு, எதிலும் சந்தேகம் இல்லை என்கிறாரோ என்றுகூடத் தோன்றியிருக்கும். எங்களுக்கு அது பரவாயில்லை, பாதகமில்லை, நீங்க உங்க வேலையைப் பாருங்க, எல்லாமேதான். டாக்டர் சீட்டில் ஏதோ எழுதுவார், அடுத்த ஊசிக்குத் தேதி போடுவார், வெளியே வந்துவிடுவோம். வந்து சாயாக் கடைக்கு இருபது அடி நடப்பதற்குள் பெரியப்பா இரண்டு இடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குலசேகரத்துப் பக்கம் விடியுமுன் முந்நூறு மரம் ரப்பர் பால் வெட்டிய ஆள். "இதை டாக்டர்கிட்ட சொல்லலியே பெரியப்பா" என்றால், "அவரு மூச்சைப் பத்திக் கேக்கலியே மக்கா" என்பார்.

இந்தக் கட்டுரையே அந்த இருபது அடிக்காகத்தான். நான் டாக்டர் இல்லை. கூடவே அலைந்ததிலும், அப்புறம் படித்ததிலும் கேட்டதிலும் புரிந்ததை, இந்த நோய் இப்போதுதான் வீட்டுக்குள் வந்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எந்த மருந்து எவ்வளவு என்பதெல்லாம் இதில் இருக்காது, அது உங்கள் டாக்டர் வேலை.

ஒரே சொல், இரண்டு வேலை

ஒரு நாள் சீட்டில் ‘ஸ்கிரீனிங்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து என் அண்ணன் சண்டைக்கே போய்விட்டான். "நோய் இருக்குன்னு தெரிஞ்சாச்சு, இன்னும் என்ன ஸ்கிரீனிங், பணம் பிடுங்கவா?" அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் வருவது முதல் அர்த்தம்தான்: நல்லா நடமாடுகிற ஆளிடம், நோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது. நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாய், மார்பகம், கருப்பை வாய் புற்றுநோய்களுக்குச் செய்வது அந்த வகை. நுரையீரலுக்கும் அப்படி ஒன்று உண்டு. நிறையப் புகைபிடித்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று 2011ல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது.

நாம் பேசப்போவது இரண்டாவது அர்த்தம். நோய் இருக்கிறது என்று தெரிந்துவிட்ட ஆளிடம், ஒவ்வொரு தடவையும், ஒரே கேள்விகளை, ஒரே வரிசையில் கேட்டு, வேதனை எவ்வளவு, மூச்சுமுட்டல் எவ்வளவு, தூக்கம் எப்படி என்று எழுதி வைப்பது. இதை அறிகுறி கேட்டறிதல் என்று சொல்லிக்கொள்வோம். இதற்கு மெஷின் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் இரண்டு நிமிஷமும் போதும். அண்ணன் பயந்த மாதிரி பணமும் கிடையாது.

முற்றிய நிலை என்றால் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று அர்த்தமா?

எருக்கங்காய் வெடித்துப் பஞ்சு பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். பறப்பதற்கு முன்னால் செடியைப் பிடுங்கினால் கதை முடிந்தது. பறந்தபிறகு தாய்ச்செடியைப் பிடுங்கி என்ன செய்ய, விதை பக்கத்து வீட்டு ஓட்டிலும் கிடக்கும், கிணற்றடியிலும் கிடக்கும். நாலாம் ஸ்டேஜ் என்பது ஏறக்குறைய இதுதான்: நுரையீரலில் தொடங்கிய புற்றணுக்கள் அடுத்த நுரையீரலுக்கோ, நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்கோ, எலும்பு, கல்லீரல், மூளைக்கோ போய்ச் சேர்ந்துவிட்ட நிலை. அதனால்தான் ‘ஏன் ஆபரேஷன் பண்ணல’ என்று சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்விக்கு, பெரும்பாலும் பயனில்லை என்று பதில் வருகிறது. உடம்பு முழுக்கப் போய்ச் சேர்கிற மருந்துதான் வேண்டியிருக்கிறது. கீமோ அப்படி ஒன்று, நோய் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிற ஊசிகள் இன்னொன்று. கட்டியின் மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் இருக்கிறவர்களுக்குத் தினமும் விழுங்குகிற மாத்திரை இருக்கிறது. வாழ்நாளில் ஒரு பீடிகூடத் தொடாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது என்பதையும், அவர்களிடம் அந்த மரபணு மாற்றம் அதிகம் காணப்படுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் துக்கம் விசாரிக்க வருகிறவர்களின் முதல் கேள்வி "குடிப்பாரோ, வலிப்பாரோ" என்பதுதான்.

முழுசாக ஒழிக்க முடியாது, ஆனால் அடக்கி வைக்கலாம், சிலரிடம் வருடக்கணக்கில்கூட. அந்தக் காலத்தை மனுஷன் எப்படிக் கழிக்கிறார் என்பதில்தான் அறிகுறிகள் வருகின்றன.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘மூச்சு முட்டுகிறது’ என்று ஒருவர் சொன்னால், கேன்சர் இருந்தால் முட்டத்தானே செய்யும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு புகாருக்குப் பின்னால் எத்தனையோ காரணம் இருக்கலாம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம், அதை ஊசி வைத்து எடுக்கலாம். ரத்தம் குறைந்திருக்கலாம், ஏற்றலாம். சளி கட்டி நிமோனியா ஆகியிருக்கலாம், அதற்கு மருந்து இருக்கிறது. காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறியிருக்கலாம், அது அவசரம். புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்தே நுரையீரலைப் புண்ணாக்கியிருக்கலாம், அதை நிறுத்த வேண்டும். கட்டியே மூச்சுக்குழாயை நெருக்கலாம். இது எதுவுமே இல்லாமல் பயத்தாலும் முட்டலாம், அதுவும் நிஜமான முட்டல்தான். பாதிக்கு மேல் சரிசெய்யக்கூடிய விஷயங்கள், ஆனால் யாராவது சொன்னால்தானே தேடுவார்கள்.

சுருக்கமாக: நாலாம் ஸ்டேஜில் நோயை வேரோடு எடுக்க முடியாமல் இருக்கலாம். அறிகுறி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணமும், பலவற்றுக்குத் தனித்தனி வைத்தியமும் உண்டு.

பேச்சிப்பாறை எத்தனை அடி?

மழைக்காலத்தில் நம்ம ஊரில் பேப்பரைப் பிரித்ததும் பார்ப்பது அணை நிலவரம். பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி. பேச்சிப்பாறையின் உச்சம் 48 அடி. நாற்பதைத் தாண்டி ஏறத் தொடங்கினாலே குழித்துறை ஆற்றோரத்தில் இருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். ‘அணையில நல்ல வெள்ளம் கிடக்கு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. நேற்று 38, இன்று 42 என்றால் அடுத்து என்ன செய்வது என்று எல்லோருக்கும் தெரியும்.

அறிகுறி கேட்டறிதலிலும் இதே வேலைதான். உலகம் முழுக்க அதிகம் புழங்குகிற தாள் ஒன்று இருக்கிறது. கனடாவின் எட்மண்டன் நகரத்தில் எடுவார்டோ புருவேரா என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் 1991ல் வெளியிட்டது, அதனால் எட்மண்டன் அளவுகோல் என்று பெயர். அதில் ஒன்பது வரி: வேதனை, தளர்ச்சி, மயக்கமான தூக்கம், ஓங்கரிப்பு, பசியின்மை, மூச்சுமுட்டல், மனச்சோர்வு, பதற்றம், மொத்தத்தில் எப்படி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை ஒரு எண். 0 என்றால் துளியும் இல்லை, 10 என்றால் இதற்குமேல் தாங்க முடியாது. கடைசியில் வேறு ஏதாவது என்று ஒரு காலி வரி, நுரையீரல்காரர்கள் அதில் இருமலை எழுதிக்கொள்ளலாம். பொதுவாக 1 முதல் 3 வரை லேசு, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் 10 வரை கடுமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். 4 வந்தாலே யாராவது உட்கார்ந்து இன்னும் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

பெரியப்பா கையில் முதல்முதலில் இந்தத் தாள் வந்தபோது எல்லாவற்றுக்கும் 5 போட்டார். கேட்டால், "நடுவுல போட்டா யாருக்கும் மனஸ்தாபம் இல்லல்லா." அன்றைக்கு இருந்த நர்ஸ் கெட்டிக்காரி. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, "அப்பா, பூஜ்யம்னா பழைய மாதிரி முந்நூறு மரமும் வெட்டிட்டு வந்து கஞ்சி குடிக்கலாம். பத்துன்னா கட்டில்ல உட்கார்ந்த மேனிக்கே மூச்சு கிடைக்கல. இன்னைக்கு நீங்க எத்தனாவது மரத்துல நிக்கிறீங்க?" என்றது. பெரியப்பா ஜன்னலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். மனசுக்குள் தோட்டத்தில் ஏறி இறங்கியிருப்பார் போல. "இப்பம் மரத்துக்கிட்டயே போகமுடியாது மோளே. ஏழு போடு" என்றார். அந்த 7தான் அன்றைக்கு எக்ஸ்ரே எடுக்க வைத்தது. வலப்பக்கம் நீர் கோத்திருந்தது, ஒரு லிட்டருக்குமேல் எடுத்தார்கள். அடுத்த வாரம் சாயாக் கடைக்கு நிற்காமல் நடந்தார், தாளில் 3.

எண்ணைப் பற்றி இரண்டு தப்பான எண்ணம் உண்டு. ஒன்று, இது பரீட்சை மார்க் மாதிரி, அதிகம் போட்டால் கீமோவை நிறுத்திவிடுவார்கள் என்பது. மறைத்து, தாங்காத அளவில் மருந்தை ஏற்றிக்கொண்டால்தான் பிற்பாடு நிஜமாகவே நிறுத்த வேண்டிவரும். இன்னொன்று, பக்கத்துக் கட்டில்காரரோடு ஒப்பிடுவது. பெருஞ்சாணிக்கு உச்சம் 77 அடி. அங்கே 44 அடி என்றால் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது, பேச்சிப்பாறையில் அதே 44 என்றால் ஆற்றோரம் ஜாக்கிரதை. ஆளுக்கு ஆள் அளவு வேறு. போன வாரத்து உங்கள் எண்ணுக்கும் இந்த வாரத்து உங்கள் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் டாக்டருக்கு வேண்டியது.

ஏன் தானாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?

நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வெகுகாலம் இருந்த டாக்டர் சோமர்வெல்லைப் பற்றி வயதானவர்கள் இன்றும் பேசுவார்கள். அவர் எவரெஸ்ட் ஏறப்போனவர், 1922லும் 1924லும். இரண்டாம் தடவை ஆக்சிஜன் இல்லாமல் உச்சிக்கு முந்நூறு மீட்டர் கீழேவரை போய், இறங்கும்போது தொண்டையின் உள்தோல் உரிந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டது. பனியில் உட்கார்ந்துவிட்டார். கூப்பிடக் குரல் வரவில்லை. கூட ஏறியவர் நார்ட்டன், முன்னால் இறங்கிப் போய்க்கொண்டிருந்த அவருக்குப் பின்னால் நடப்பது தெரியவே தெரியாது. கடைசியில் தன் நெஞ்சைத் தானே இரண்டு கையாலும் அழுத்தி, அடைப்பைத் துப்பிப் பிழைத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும். டாக்டர் முன்னால் போய்க்கொண்டிருப்பார், கெட்டவர் இல்லை, திரும்பிப் பார்க்க அவருக்குக் காரணம் ஒன்றும் இருக்காது.

நம் ஆட்கள் சொல்லாததற்கு வேறு காரணங்களும் உண்டு. வெளியே எண்பது பேர் நிற்கும்போது டாக்டரின் நேரத்தைத் தின்னக்கூடாது என்கிற மரியாதை. பீடி குடித்ததற்கு ஆண்டவன் கொடுத்த தண்டனை, அனுபவித்துத்தான் ஆகவேண்டும் என்கிற குற்ற உணர்வு. வேதனை கூடினால் நோய் கூடிவிட்டது என்று ஆகிவிடுமோ, அதைக் கேட்கவே வேண்டாம் என்கிற பயம். பெண்கள் என்றால் மகன் லீவு போட்டு வந்திருக்கிறான், அவனை அலைக்கழிக்க வேண்டாம் என்பது. மலச்சிக்கலை, அதிலும் மருமகள் பக்கத்தில் நிற்கும்போது, எந்த மாமியார் சொல்வார்? மனச்சோர்வுக்கோ நம் பேச்சில் ஒழுங்கான பெயரே கிடையாது, ‘ஒரு மாதிரி இருக்கு’ என்பதோடு முடிந்துவிடும். நோயாளி சொல்வதைவிட டாக்டர் குறித்து வைக்கிற கஷ்டம் குறைவாகவே இருக்கிறது என்று திரும்பத் திரும்பப் பல நாட்டு ஆய்வுகளில் வந்திருக்கிறது. தாளில் வரி வரியாகக் கேட்டுவிட்டால் கூச்சத்துக்கு வேலை குறைகிறது. கேள்வி எல்லோருக்கும் பொது, நான் புலம்பியதாக ஆகாது.

கேட்டதனால் மட்டும் ஆயுள் கூடுமா?

எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. நியூயார்க்கில் ஈதன் பாஷ் என்ற மருத்துவரும் குழுவினரும், பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் 766 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். நுரையீரல்காரர்களும் அதில் உண்டு. ஒரு பிரிவினருக்கு வழக்கமான வைத்தியம். இன்னொரு பிரிவினர் வழக்கமான வைத்தியத்தோடு தங்கள் அறிகுறிகளைக் கணினியில் பதிவு செய்தார்கள், எண் கூடினால் நர்ஸுக்குத் தகவல் போகும். 2017ல் வந்த முடிவில், பதிவு செய்தவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26. இடைநிலை ஆயுள் என்றால், வரிசையாக நிறுத்தினால் சரிபாதியில் நிற்பவர் வாழ்ந்த காலம். அதே ஆண்டில் பிரான்சில் ஃபப்ரீஸ் டெனி குழுவினர் நுரையீரல் புற்றுநோய்க்காரர்களிடம் மட்டும், வாரம் ஒருமுறை வீட்டிலிருந்தே பதிவு செய்யச் சொல்லிப் பார்த்ததில் 19 மாதம், வழக்கமான முறையில் 12.

இதில் மாயம் ஒன்றுமில்லை. புதன்கிழமை தொடங்கிய காய்ச்சல் புதன்கிழமையே தெரிந்தால் உடனே வைத்தியம் தொடங்கலாம், ஞாயிற்றுக்கிழமை தெரிந்தால் ஐ.சி.யூ. வரைகூடப் போகலாம். சாப்பிட முடியாததை முதல் வாரத்தில் சொன்னால் ஓங்கரிப்புக்கு மருந்தை மாற்றுவார்கள், எடை குறையாது, கீமோ தாங்கும். பாஷ் குழுவின் ஆய்வில் பதிவு செய்தவர்கள் சராசரியாக 8.2 மாதம் கீமோவில் நீடித்தார்கள், மற்றவர்கள் 6.3 மாதம். ஒரு விஷயம் மறக்கக்கூடாது: எண்ணைப் பார்த்து யாராவது உடனே போன் எடுக்க வேண்டும். தாளை வாங்கி ஃபைலில் குத்தி வைப்பதற்குப் பெயர் கேட்டறிதல் இல்லை. அப்படிக் குத்தி வைக்கிற இடத்தையும் பார்த்திருக்கிறேன்.

எதற்குப் போன் பண்ணணும், எதற்கு வண்டி பிடிக்கணும்

2017 நவம்பர் 30ஐ, ஒக்கிப் புயலை, இந்த மாவட்டத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. எச்சரிக்கை வந்தபோது நம் ஆட்கள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். நோயாளிக்கும் வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுப்பதை, அதாவது நோயாளிக் கல்வியை, சிகிச்சை தொடங்குகிற அன்றைக்கே செய்யவேண்டும் என்பது அதனால்தான். மூச்சு நிற்கப்போகிற ராத்திரியில் யாரும் பாடம் படிக்க முடியாது.

துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு எண் இருக்கிற மாதிரி, அறிகுறிகளையும் மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். எண் 1 முதல் 3 வரை என்றால் எழுதி வைத்து அடுத்த தடவை காட்டலாம். 4ஐத் தொட்டாலோ, ஓரிரு நாளில் இரண்டு மூன்று எண் கூடினாலோ அன்றைக்கே போன். மூன்றாவது வகைக்கு எண்ணே பார்க்க வேண்டாம், நேரே 108: கீமோ நடக்கும் காலத்தில் 100.4 டிகிரிக்குமேல் காய்ச்சல், ஏனென்றால் அப்போது வெள்ளை அணு குறைந்திருக்கும், சாதாரணத் தொற்றும் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும், பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. முதுகுவலியோடு கால் இரண்டும் தளர்ந்து, சிறுநீர் போக முடியாமல் ஆனால் தண்டுவடம் நெருக்கப்படுகிறது என்று அர்த்தம், அதே நாளில் கவனித்தால் நடை மிஞ்ச வாய்ப்பு உண்டு. இருமலில் வாய்நிறைய ரத்தம். முகமும் கழுத்தும் திடீரென்று வீங்குவது. ஒரு கால் மட்டும் வீங்கி, கூடவே சட்டென்று மூச்சு திணறுவது. வலிப்பு, அல்லது ஆள் சம்பந்தமில்லாமல் பேசுவது.

சொல்லிக்கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, திருப்பிச் சொல்ல வைத்தல் என்பார்கள். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் நாம் எல்லோரும் தலையாட்டுவோம், ‘கொழப்பமில்ல’. அந்த நர்ஸ் அப்படிக் கேட்கவில்லை. "அம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாக்கு உடம்பு கொதிக்குது. நீங்க என்ன செய்வீங்க, முதல்ல எதை எடுப்பீங்க?" என்று பெரியம்மாவிடம் கேட்டது. பெரியம்மா சட்டென்று "விக்ஸ்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தது, தெர்மாமீட்டரை எங்கே வைப்பது, எந்தக் கோட்டைப் பார்ப்பது, எந்த நம்பருக்குக் கூப்பிடுவது. மூன்றாம் தடவை பெரியம்மா சரியாகச் சொன்னார்.

சுருக்கமாக: எண் எழுதுவது பாதி வேலை. எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது மீதிப் பாதி.

மார்ஃபின் என்றால் முடிந்துவிட்டது என்று அர்த்தமா?

இதைப் பற்றித்தான் ஊரில் அதிகம் தப்பாகப் பேசுகிறார்கள். மார்ஃபின் எழுதிக் கொடுத்தால் ‘டாக்டர் கைவிட்டுட்டாரு’ என்று வீட்டில் அழுகை தொடங்கிவிடும். கடுமையான புற்றுவேதனைக்கு உலக சுகாதார நிறுவனம் 1986லேயே பரிந்துரைத்த மருந்து அது. வேதனைக்காக அளவோடு, டாக்டர் மேற்பார்வையில் எடுப்பவர்கள் அதற்கு அடிமையாகி அலைவது அபூர்வம். சின்ன அளவில் அது சிலருக்கு மூச்சுத் திணறலின் தவிப்பையும் குறைக்கலாம், காற்று போதவில்லை என்று மூளை அடிக்கிற அபாய மணியின் சத்தத்தைத் தணிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் தூக்கம் வரும், அப்புறம் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாதது மலச்சிக்கல். மார்ஃபின் குடலை மந்தமாக்குகிறது, அதனால் மலமிளக்கியும் முதல் நாளிலிருந்தே கூடவே போகவேண்டும். கொடுக்காமல் விட்டிருந்தால் நீங்களே கேளுங்கள்.

மருந்து இல்லாத விஷயங்களும் உண்டு. சின்ன பேட்டரி விசிறியை மூக்குக்கும் வாய்க்கும் நேராகப் பிடித்தால் மூச்சுமுட்டல் தணியும். முகத்துத் தோலில் குளிர்காற்று படுவதை அங்குள்ள நரம்பு மூளைக்குச் சொல்கிறது, மூளை கொஞ்சம் சமாதானம் ஆகிறது. பனையோலை விசிறியும் போதும், வீசுகிறவருக்குக் கை வலிக்கும், அவ்வளவுதான். முன்னால் சாய்ந்து, முழங்கைகளை மேசையிலோ தொடையிலோ ஊன்றி உட்காருவது. உதட்டைக் குவித்து, சூடான சாயாவை ஊதுகிற மாதிரி மெள்ள மூச்சை விடுவது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கிறவருக்குச் சிலிண்டர் வாடகைக்கு எடுத்து வைப்பதால் பெரிய பயன் இல்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் விரலில் மாட்டிப் பார்க்காமலே ஒரு மாதம் வாடகை கட்டினார்கள்.

‘அவர்கிட்ட சொல்லிராதீங்க’

டாக்டர் அறைக்கு வெளியே மகன்கள் கண்ணைக் காட்டுவது, ஃபைலில் கேன்சர் என்ற எழுத்தின்மேல் விரலை வைத்து மறைப்பது, ‘சளிக்கட்டி’ என்று ஒரு கதை. நாங்களும் செய்தோம். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்ன நோய் என்றே தெரியாதவரிடம் போய் மூச்சுக்கு எத்தனை மார்க் என்று எப்படிக் கேட்பது? சளிக்கு எதற்கு முடி கொட்டுகிறது என்று அவருக்குத் தோன்றாதா? பெரியப்பாவுக்கு முதல் மாதமே தெரிந்திருக்கிறது, மருந்துக் கடைக்காரர் முகத்தைப் பார்த்தே. எங்களுக்காக அவர் தெரியாத மாதிரி நடித்தார், அவருக்காக நாங்கள் நடித்தோம். முழுவதையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. ‘உங்க நோயைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க?’ என்று டாக்டரையே கேட்கச் சொல்லலாம். வேண்டாம் என்றால் அதுவும் அவர் உரிமை.

பாலியேட்டிவ் ஆட்கள் யார், எங்கே இருக்கிறார்கள்

இப்படிக் கேட்பதையும் தணிப்பதையும் முழுநேர வேலையாகச் செய்கிற மருத்துவப் பிரிவுக்குப் பாலியேட்டிவ் கேர், தமிழில் வலி தணிப்பு சிகிச்சை என்று பெயர். கடைசி வாரத்துக்கு மட்டும் என்று நினைப்பதுதான் வழக்கம். பாஸ்டனில் ஜெனிஃபர் டெமல் என்ற மருத்துவரின் குழு 151 பேரிடம் செய்து 2010ல் வெளியிட்ட ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் தெரிந்த கையோடு பாலியேட்டிவ் ஆட்களையும் பார்த்தவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, இடைநிலை ஆயுளும் 8.9 மாதத்திலிருந்து 11.6 ஆகக் கூடியது. கீமோவை விட்டுவிட்டு இதற்குப் போகவேண்டும் என்பதில்லை, இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

களியக்காவிளை தாண்டினால் கேரளம் இந்த விஷயத்தில் நம் எல்லோருக்கும் முன்னோடி. 1993ல் கோழிக்கோட்டில் சின்னதாகத் தொடங்கி, 2008ல் மாநிலக் கொள்கையாகவே கொண்டுவந்தார்கள். நம் மாவட்டத்திலிருந்து நிறையப் பேர் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், நெய்யூரில் புற்றுநோய் மையம் இருக்கிறது, ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே பார்த்தாலும் ‘வலி தணிப்புப் பிரிவு இருக்கா’ என்று கேட்டுவிடுங்கள். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்கிற வலி தணிப்பு சேவையும் சேர்ந்திருக்கிறது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து வைக்கலாம். சந்தேகம் என்றால் 104க்குக் கூப்பிட்டும் கேட்கலாம்.

தாள் கிடைக்காவிட்டால் வீட்டில் இருக்கிற எதிலும் எழுதலாம். பெரியம்மா தினசரிக் காலண்டரில் எழுதினார். கிழித்துப் போடுகிற தாளைக் கிழிக்காமல் மடக்கி விட்டுவிட்டு, ராகுகாலத்துக்குக் கீழே பென்சிலால் ‘மூ 3 வே 2 ப 6’. மூ என்றால் மூச்சு, வே வேதனை, ப பசி. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எனக்குப் போன் வந்தது. "மக்கா, நேத்து மூ நாலு, இன்னைக்கு ஏழு. நான் நர்ஸுகிட்ட பேசியாச்சு, வண்டியும் சொல்லியாச்சு. நீ நேரே அங்க வந்திரு." பின்னால் பெரியப்பா குரல் கேட்டது, "கொழப்பமில்லன்னு சொல்லு அவன்கிட்ட." பெரியம்மா, "நீரு சும்மா கிடயும்" என்று போனை வைத்தார்.